கனடாவில இருந்து அம்ப் கொண்டு வர முன்னம் அதின்ர பின்பக்கத்தைப் பாருங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் கிளிநொச்சி வட்டக்கச்சியில இருந்து எழுதுறன். இருபது வருசத்துக்கு மேல கிற்றார் வாசிக்கிறன், ஞாயிற்றுக்கிழமையில சேர்ச் கொயருக்கு, மற்ற நாளில ஒளிவிழா, முன்பள்ளி விளையாட்டுப் போட்டி, சனசமூக நிலையத்தின்ர ஆண்டு விழா, ஆற்றையும் பிறந்தநாள் வீடு எண்டு கூப்பிடுற இடமெல்லாம் போறது. கொஞ்சப் பிள்ளையளுக்குப் பழக்கியும் விடுறன். ஆடி ஆவணி லீவு கிட்ட வரேக்க எனக்கு வாற போன் எல்லாம் கிற்றார்ச் சத்தத்தைப் பெரிசாக்கிற பெட்டியான அம்பைப் பற்றின ஒரே கேள்விதான், "அண்ணை, மாமா வெளியில இருந்து வாறார், எனக்கு ஒரு அம்ப் கொண்டு வாறாராம், எதைச் சொல்ல?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லிச் சொல்லி இப்ப உங்கட பேப்பர்ல எழுதினால் இங்க இருக்கிற தாய் தகப்பனும் வாசிப்பினம், வெளியில இருக்கிற சொந்தமும் வாசிக்கும் எண்டுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், வெட்டாமல் போடுங்கோ எண்டு தயவாக் கேக்கிறன்.

முதல்ல நடந்த ஒண்டைச் சொல்லவேணும். என்ர அத்தான் ரொறன்ரோவில இருக்கிறார். 2017இல வரேக்க என்ர மருமகளுக்கெண்டு ஒரு நல்ல வால்வ் அம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வால ஓடுறது) கொண்டு வந்தவர், ஓவர்டைம் செய்து சேத்த காசு, பிளேனில அதுக்குத் தனியாப் பாரக் காசும் கட்டித்தான் கொண்டு வந்தவர். அண்டு பின்னேரமே பொதுநோக்கு மண்டபத்துக்குக் கொண்டு போனம், அது அங்கத்தைய தட்டைப் பின், எங்கட சுவருக்குப் பொருந்தாது, கடையில ஒரு பின் மாத்துற அடப்டர் வேண்டிக் கொழுவி சுவிச்சைப் போட்டம். முன்னுக்கு இருந்த சின்ன லைற் வெள்ளையா ஒரு வெளிச்சம் வெளிச்சது, டப் எண்டு ஒரு சத்தம், பிறகு கருகின மணம். பிள்ளை கிற்றாரைத் தோளில போட்டபடி நிண்டது நிண்டதுதான். அம்பில ஒரு பிழையும் இல்ல, அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நாங்கள் குடுத்தது 230. அடப்டர் பின்னை மட்டும்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. அது எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும், தெரிஞ்சுகொள்ளாமல் கொழுவினன், இண்டைக்கும் அந்த மணம் மூக்கில இருக்கு.

அதால சொல்லுறன், கனடா அமெரிக்காவில 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்களுக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். லண்டன், சுவிஸ், ஜேர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியாவில இருந்து வாறதுக்குப் பிரச்சினை இல்ல, அங்கயும் 230தான், பின் மட்டும்தான் வேற, லண்டன் எண்டால் சதுரப் பின்னே பல இடத்தில நேரப் பொருந்தும். கனடாவில வேண்டுறவை கடையில நிண்டபடியே அம்பின்ர பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ, கரண்ட் வயர் போற இடத்துக்குக் கிட்ட எழுதியிருக்கும். 100–240 எண்டு இருந்தால் எங்க கொழுவினாலும் ஓடும், புது டிஜிட்டல் அம்ப் சிலதில அப்பிடி இருக்கு. 120 மட்டும் எண்டு இருந்தால் இங்க கட்டாயம் 230ஐ 120க்குக் குறைக்கிற ஸ்ரெப்டவுண் றான்ஸ்போமர் வேணும், அதையும் சின்னனா வேண்டக்கூடாது, 22 வாட்ஸ் வால்வ் அம்ப் எண்டால் சுவரில இருந்து 22 வாட்ஸ்தான் இழுக்கும் எண்டு நினைக்காதேங்கோ, அது நூறுக்கு மேல இழுக்கும், வால்வைச் சூடாக்கவே ஒரு பங்கு போயிடும். 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த அம்ப் எங்கட 50இல ஓடேக்க உள்ளுக்க இருக்கிற றான்ஸ்போமர் கூடச் சூடாகும். அந்தக் கரைச்சலுக்குப் பேசாமல் காசைக் குடுத்துவிட்டு இங்கயே 230க்குச் செய்ததை வேண்ட விடுறது நல்லம் எண்டது என்ர அபிப்பிராயம்.

சரி, எந்த அம்ப்? எங்கட பிள்ளையள் வாசிக்கிறது என்னத்தை எண்டு முதல்ல யோசிக்க வேணும். பாடுறவைக்குப் பின்னால கோட்ஸ், இடைக்கிடை ஒவ்வொரு நரம்பா விரிச்சு வாசிக்கிறது, பாட்டு நிக்கிற இடத்தில ஒரு சின்ன மெட்டு. அதுக்கு ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாக் கேக்க வேணும், சத்தத்தைக் கூட்டினாலும் கரகரக்கக் கூடாது. அதைத்தான் கிளீன் சவுண்ட் எண்டு சொல்லுறது. எந்த அம்பும் மெதுவா வைச்சால் கிளீன்தான், ட்ரம்ஸும் கீபோர்ட்டும் தொடங்கினாப் பிறகு அதுக்கு மேல எழும்பி நிண்டும் கிளீனா இருக்குதோ எண்டதுதான் கேள்வி. கடையில பெடியள் அம்பைப் பாக்கேக்க கெயினை, அதாவது சத்தத்தைக் கரகரக்க வைக்கிற திருகியை, முழுக்கத் திருகி ரொக் மாதிரி இழுத்துப் பாத்திட்டு அந்தமாதிரி இருக்கெண்டு வேண்டி வருவினம், பிறகு சேர்ச்சில பாட்டுக்கு வாசிக்கேக்க தகரத்தைச் சுரண்டின மாதிரி இருக்கும்.

வாட்ஸ் விசயத்திலயும் சனம் சரியா ஏமாறுது. 100 வாட்ஸ் 50 வாட்ஸைவிட ரெண்டு மடங்கு சத்தம் இல்ல. வாட்ஸ் ரெண்டு மடங்கானால், சத்தத்தை அளக்கிற கணக்கில 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது கொஞ்சம் கூடினது மாதிரித்தான். காதுக்கு ரெண்டு மடங்கு எண்டு கேக்க வாட்ஸ் பத்து மடங்காக வேணும். அதைவிட ஸ்பீக்கர் முக்கியம், ஒரே வாட்ஸில ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட 3 டெசிபல் கூடக் குடுத்தால் அது அம்பின்ர வாட்ஸை ரெண்டு மடங்காக்கினதுக்குச் சமன். நூறு நூற்றைம்பது கதிரை போடுற எங்கட பொதுநோக்கு மண்டபங்களுக்கு நல்ல 12 இஞ்சி ஸ்பீக்கர் ஒண்டோட வால்வ் எண்டால் 20 வாட்ஸ் சொச்சம், வால்வ் இல்லாத ரான்சிஸ்டர் அம்ப் எண்டால் 40, 50 வாட்ஸ் தாராளம். கல்யாண மண்டபம் மாதிரிப் பெரிய இடம், திறந்த வெளி எண்டால் அம்புக்கு முன்னால ஒரு மைக்கை வைச்சு சவுண்ட்காரற்ற மிக்ஸருக்குக் குடுக்கலாம், அதுக்காக ஒரு மலையைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்ல.

பேர் கேக்கிறவைக்குப் பேரும் சொல்லுறன். கிளீன் சவுண்டும் றிவேர்ப்பும் (சத்தத்துக்குப் பின்னால வாற முழக்கம்) எண்டால் உலகம் முழுக்க முதல் சொல்லுறது பெண்டர் கம்பனி 1963, 64இல கொண்டு வந்த அம்ப்களைத்தான், இண்டைக்கும் அதே மாதிரிச் செய்து விக்கினம். பிரின்ஸ்டன் றிவேர்ப் 12 வாட்ஸ், 10 இஞ்சி ஸ்பீக்கர், வீட்டுக்கும் சின்ன அறைக்கும் வடிவான சாமான், ஆனால் ட்ரம்ஸ் அடிக்கிற இடத்தில மூச்சு வாங்கும். டீலக்ஸ் றிவேர்ப் 22 வாட்ஸ், 12 இஞ்சி, எங்கட மண்டபத்துக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி, 19 கிலோ சொச்சம். ட்வின் றிவேர்ப் 85 வாட்ஸ், ரெண்டு 12 இஞ்சி, எவ்வளவு கூட்டினாலும் கிளீன், ஆனால் கிட்டத்தட்ட 29 கிலோ, அதை மோட்டச்சைக்கிளில கொண்டு போக ஏலாது, ஒவ்வொரு முறையும் ஓட்டோக் காசு குடுக்க வேணும், சின்ன மண்டபத்தில அதின்ர சத்தத்தை ஒண்டு ரெண்டுக்கு மேல திருப்பவும் விடமாட்டினம். 22க்கும் 85க்கும் இடையில உள்ள வித்தியாசம் 6 டெசிபல் கூட இல்ல எண்டதை மேல சொன்ன கணக்கோட சேத்துப் பாருங்கோ.

ஆனால் வால்வ் அம்ப் எங்கட இடத்துக்குச் சரியோ எண்டு கேட்டால் நான் யோசிச்சுத்தான் மறுமொழி சொல்லுவன். சவுண்ட் எண்டால் அதுதான் சவுண்ட், அதில கதையே இல்ல, ஒரு நரம்பைத் தட்டினால் அது பூத்து வாற மாதிரி வரும். ஆனால் ஏ9இல இருந்து உள்ளுக்க திரும்பினால் கிரவல் றோட்டு, குலுங்கிக் குலுங்கிப் போற போக்கில வால்வ் சொக்கற்றில இருந்து இளகும். வால்வ் போனால் கிளிநொச்சியில கடைக்குப் போய் எடுக்கிற சாமான் இல்ல, வெளியில இருந்து எடுப்பிக்க வேணும். உள்ளுக்க 400 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பிளக்கைக் கழட்டினாப் பிறகும் கப்பாசிற்றருக்குள்ள கரண்ட் இருக்கும், றேடியோ திருத்துற ஆள் எண்டாலும் வால்வ் வேலை தெரியாதவரிட்டக் குடுத்துத் திறக்க விடாதேங்கோ. பழைய வால்வ் றேடியோ திருத்தின ஐயாமார் ஒண்டு ரெண்டு பேர் இன்னும் இருக்கினம், அவையளுக்குத்தான் அந்தக் கை இருக்கு.

ரான்சிஸ்டர் அம்பில கிளீன் எண்டால் ரோலண்ட் ஜேசி-120, 1975இல வந்தது, ரெண்டு 12 இஞ்சி, 120 வாட்ஸ், கண்ணாடி மாதிரிச் சுத்தம், ஒரு கிற்றார் ரெண்டு மூண்டு கிற்றார் மாதிரிக் கேக்கிற கோரஸும் உள்ளுக்கயே இருக்கு. அதுவும் 28 கிலோ. மண்டபத்துக்கெண்டு ஒரு கமிற்றி வேண்டி நிரந்தரமா வைக்கிறதெண்டால் நல்லது, ஒரு பிள்ளை தூக்கித் திரிய இல்ல. அதே குடும்பத்தில ஜேசி-40 எண்டு 40 வாட்ஸ், ரெண்டு 10 இஞ்சியோட இருக்கு, 16 கிலோவுக்குள்ள வரும், எங்கட வேலைக்கு அதுவே காணும். காசு குறைவெண்டால் பொஸ் கட்டானா 50, 12 இஞ்சி ஸ்பீக்கர், தூக்கலாம், அரை வாட்ஸ் வரைக்கும் குறைச்சு வைக்கலாம், வீட்டில பழகேக்க பக்கத்து வீட்டுக்காரர் ஏச மாட்டினம். என்னட்டப் படிக்கிற பிள்ளையளுக்கு நான் கனக்கச் சொல்லுறது இதைத்தான், கிளீன் சனலில போட்டு, கெயினைக் குறைச்சு, வொலியூமைக் கூட்டி வைக்கச் சொல்லுவன்.

இன்னொண்டு, கனபேருக்குத் தெரியாது. டீலக்ஸ் றிவேர்ப்பிலயும் ட்வினிலயும் ஜேசி-120யிலயும் ரெண்டு சனல் இருக்கு, றிவேர்ப் ஒரு சனலுக்கு மட்டும்தான். பெண்டரில வைப்ராட்டோ எண்டு எழுதின பக்கம், ஜேசியில எபெக்ட் எண்டு எழுதின பக்கம். மற்றதில கொழுவிப்போட்டு றிவேர்ப் வேலை செய்யேல்ல எண்டு திருப்பிக் கடைக்குக் கொண்டு போன ஆக்களையும் நான் கண்டிருக்கிறன்.

இப்ப றிவேர்ப். உண்மையாச் சொன்னால் எனக்கு இதைப்பற்றி எழுதத்தான் முக்கியமா ஆசை. றிவேர்ப் இல்லாத கிற்றார் வெயிலில நிக்கிற வெறும் சுவர் மாதிரி, கொஞ்சம் போட்டவுடன அதுக்கு ஒரு நிழல் வரும். ஸ்பிறிங் றிவேர்ப் எண்டால் அம்பின்ர அடியில ஒரு தகரப் பெட்டி, அதுக்குள்ள ரெண்டு மூண்டு மெல்லிய ஸ்பிறிங், கிற்றார்ச் சத்தம் ஸ்பிறிங்கின்ர ஒரு முனையை ஆட்டும், அந்த ஆட்டம் மற்ற முனைக்குப் போய் திரும்பத் திரும்ப முட்டி வாறதுதான் அந்த முழக்கம். முதல் முதல் இது ஹமண்ட் ஓர்கன் பெட்டியளுக்குத்தான் வந்தது, வீட்டில வாசிக்கிற ஓர்கன் தேவாலயத்தில வாசிக்கிற மாதிரிக் கேக்கட்டும் எண்டு. அம்பை ஆரும் தட்டினால், பலகை மேடையில பிள்ளையள் ஆடேக்க மேடை அதிர்ந்தால், இடி விழுந்த மாதிரி அதுக்குள்ள இருந்து ஒரு சத்தம் வரும். பழுது இல்ல, பயப்பிடாதேங்கோ, கீழ ஒரு தடிச்ச ரப்பர் சீற்றோ பழைய மெத்தைத் துண்டோ போட்டால் குறையும். டிஜிட்டல் றிவேர்ப்பில அந்தக் கரைச்சல் இல்ல, ஹோல், ரூம், பிளேற் எண்டு விதம்விதமா வரும், எனக்கு ஸ்பிறிங்தான் பிடிக்கும், ஆனால் மேடை ஆடுற இடத்துக்கு டிஜிட்டல் நல்லம்.

எவ்வளவு போடுறது எண்டதை மண்டபம்தான் சொல்லும். எங்கட மண்டபங்கள் சீமெந்துத் தரை, பூசின சுவர், மேல சீற் அல்லது தகரம், சீலிங் அடிச்சிருக்காது, கை தட்டினாலே தானா முழங்கும். பின்னேரம் நாலு மணிக்கு வெறும் மண்டபத்தில செக் பண்ணேக்க றிவேர்ப் திருகியை ஒண்டரை இலக்கத்துக்கு மேல வைச்சாலே எல்லாம் கூழாகிடும். ஆறு மணிக்குச் சனம் நிரம்பினவுடன ஆக்களின்ர உடம்பும் உடுப்பும் சத்தத்தைக் குடிச்சிடும், அப்ப ரெண்டரை மூண்டுக்குக் கூட்டலாம். கோயில் வீதியில, விளையாட்டுத் திடலில திறந்த மேடை எண்டால் திருப்பி வாறதுக்குச் சுவரே இல்ல, அங்க இன்னும் கொஞ்சம் போட வேணும். வேகமாக் கோட்ஸ் அடிக்கிற பாட்டுக்குக் குறைச்சும், ஒவ்வொரு நரம்பா வாசிக்கிற பாட்டுக்குக் கூட்டியும் வைக்கப் பழகினால் போதும். மழை பெய்யேக்க தகரக் கூரைக்குக் கீழ ஒண்டும் செய்ய ஏலாது, மழை விடுமட்டும் பாக்கிறதுதான்.

அம்பை நிலத்தில வைச்சு அதுக்கு முன்னால நிண்டு வாசிக்கிறதையும் விடுங்கோ. கூர்மையான சத்தம் ஸ்பீக்கரில இருந்து நேர்கோட்டில போகும், உங்கட முழங்காலுக்குப் போகும், காதுக்கு வராது, நீங்கள் கேக்கேல்ல எண்டு அந்தக் கூர்மைச் சத்தத்தை (ரெபிளை) கூட்ட முன்வரிசையில இருக்கிற அம்மம்மாமார் காதைப் பொத்துவினம். ஒரு பிளாஸ்ரிக் கதிரையில தூக்கி வையுங்கோ, அல்லது பின்பக்கம் சாய்ச்சு வையுங்கோ.

எங்கட பக்கம் கனபேரிட்ட இருக்கிறது எலக்ரிக் கிற்றார் இல்ல, பிக்கப் (நரம்புச் சத்தத்தை அம்புக்கு அனுப்புற சாமான்) வைச்ச பொக்ஸ் கிற்றார். அவை மேல சொன்ன அம்ப்களை வேண்ட முன்னம் ஒருக்கா யோசிக்க வேணும். எலக்ரிக் கிற்றார் அம்பின்ர ஸ்பீக்கர் 5000 ஹேர்ட்ஸுக்கு மேல பெரிசாக் குடுக்காது, பொக்ஸ் கிற்றாரின்ர அந்த மினுக்கம் அதுக்கு மேலதான் இருக்கு, அதால மூடின பெட்டிக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கும். அதுக்கெண்டு அக்கூஸ்ரிக் அம்ப் தனியா இருக்கு, ரோலண்ட் ஏசி-33 மாதிரி, றிவேர்ப்பும் இருக்கு, பாட மைக்கும் கொழுவலாம், 8 பென்ரோச் பட்டரியிலயும் ஓடும். பொக்ஸ் கிற்றாருக்கு றிவேர்ப்பைக் கூட்டக் கூட்ட கூவுற பிரச்சினையும் கூடும், கவனம்.

பட்டரி எண்டேக்க எனக்கு வேற ஞாபகம் வருது. 90களில வன்னியில கரண்ட் இல்ல, பட்டரிக்குத் தடை, சைக்கிள் டைனமோவில றேடியோ கேட்ட சனம் நாங்கள். நான் சின்னப் பெடியனா இருக்கேக்க கிற்றாரைச் சத்தமாக் கேட்டது ஒரு பழைய கசெற் றேடியோவின்ர மைக் ஓட்டைக்குள்ள வயரைக் கொழுவித்தான், அண்ணை கவிட்டு வைச்ச சைக்கிளின்ர பெடலைச் சுத்த, அவர் களைச்சு மெதுவாச் சுத்தேக்க சத்தமும் மெதுவாகும். 2022 பங்குனியில திரும்ப ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிண்டது, அந்த நேரம் கொயர் பிராக்ரிஸை நிப்பாட்டாமல் நடத்தினது ஒரு தம்பியின்ர ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் ஈஎக்ஸ் அம்பாலதான், 8 பென்ரோச் பட்டரி, ஒரு மைக், ஒரு கிற்றார். கரோலுக்கு வீடு வீடாப் போகேக்கயும் அதுதான். கரண்ட் நிச்சயமில்லாத ஊரில இருக்கிற பிள்ளைக்கு முதல் அம்பா இப்பிடி ஒண்டு வேண்டிக் குடுத்தால் அது வீண் போகாது.

கடைசியா, எர்த். இதை விளையாட்டா எடுக்காதேங்கோ. தற்காலிக மேடையளுக்கு இழுக்கிற வயரில கனக்க எர்த்தே இருக்காது. அம்ப் ஒரு லைனிலயும் மைக் போற மிக்ஸர் இன்னொரு லைனிலயும் இருந்தால், கிற்றார் நரம்பில கையை வைச்சபடி மைக்கில வாயை வைக்கேக்க சுள்ளெண்டு அடிக்கும். உயிர் போகக்கூடிய விசயம். இரைச்சல் போகும் எண்டு ஆரும் எர்த் பின்னை வெட்டச் சொன்னால் வெட்டாதேங்கோ. அம்பையும் மிக்ஸரையும் எர்த் உள்ள ஒரே பொயின்ற்றில இருந்து எடுங்கோ, ஜெனரேற்றர் எண்டால் மேடை லைற்றுக்கு வேற லைன் குடுக்கச் சொல்லுங்கோ, வாசிக்க முன்னம் வயர் இழுத்த ஆளைக் கூப்பிட்டு ரெஸ்ரரை வைச்சுப் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ, அதில வெக்கப்பட ஒண்டும் இல்ல.

அத்தான் கொண்டு வந்த அந்த அம்பைப் பிறகு றான்ஸ்போமர் மாத்தி எடுக்க ஒரு வருசத்துக்கு மேல போச்சு, மாத்தேக்க 230க்கே போட்டாச்சு. இப்ப அது எங்கட மண்டபத்தில நிக்குது, மருமகள் அதிலதான் வாசிக்கிறா. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் பக்கம் அம்ப் வேண்ட யோசிக்கிற பிள்ளையள் ஆரும் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு உங்கட சொந்தக் கிற்றாரைக் கொண்டு வாங்கோ, வால்வ் அம்பும் கட்டானாவும் பக்கத்தில பக்கத்தில நிக்கும், ரெண்டிலயும் கொழுவி, மண்டபத்தின்ர கடைசிக் கதிரைக்குப் போய் நிண்டு, இன்னொராளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கோ. வட்டக்கச்சியில கொயருக்கு வாசிக்கிறவர் எண்டு ஆரைக் கேட்டாலும் இடத்தைக் காட்டுவினம்.

இப்படிக்கு,
உங்கட நீண்டநாள் வாசகன்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.